வேலியே பயிரை மேய்ந்தால்: கரப்பான் நோயில் தற்காப்பு நொதிகளின் பங்கு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

"வேலியே பயிரை மேய்ந்தாற்போல" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. காக்க வேண்டியதே அழிக்கத் தொடங்கினால் யாரிடம் சென்று முறையிடுவது என்னும் ஏக்கம் அப்பழமொழியில் இருக்கிறது. மனித உடலிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. நோய்க் கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பதற்கென்றே அமைந்த சில நொதிகள், கட்டு மீறும்போது நம் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. எக்ஸிமா என மருத்துவர்களும், கரப்பான் என நம் மக்களும் கூறும் தோல் நோய் அவ்வாறு உண்டாவதே.

இந்நோயைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பாடநூலிலிருந்து வரவில்லை. என் தந்தையார் ஒரு கொத்தனார். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை எழும்பியுள்ள எத்தனையோ வீடுகளில் அவர் கை பட்ட கலவை இருக்கிறது. ஆறேழு ஆண்டுகளாக அவருடைய உள்ளங்கைகளும் விரலிடுக்குகளும் தடித்து, வெடித்து, நீர் கசிந்து வருகின்றன. நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்பதில்லை. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் சற்றுத் தள்ளி உட்காருகிறார். "ரத்தம் கெட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "இது ஒட்டுவாரொட்டி" என்பார் மற்றொருவர். இவ்விரண்டும் உண்மையல்ல என்பதைச் சென்ற ஆண்டு நொதிகள் பற்றிய பாடத்தைப் படித்த பின்னரே நான் உணரத் தொடங்கினேன். அன்று முதல் தேடிப் படித்தவற்றை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரப்பான் என்பது யாது?

கரப்பான், சொறி, சிரங்கு, படை ஆகிய சொற்களை மக்கள் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குகின்றனர். ஆனால் இவை வேறு வேறு நோய்கள். சொறி, தோலைத் துளைத்து வாழும் ஒரு நுண்ணிய உண்ணியால் வருவது. படர்தாமரை பூஞ்சையால் வருவது. இவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். கரப்பானோ தோலில் உண்டாகும் ஓர் அழற்சி. அது ஒருவரைத் தொடுவதாலோ, அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதாலோ தொற்றாது. தோல் சிவத்தல், கடும் அரிப்பு, சிறு கொப்புளங்கள், நீர் கசிதல், நாளடைவில் தோல் தடித்து வெடித்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

கரப்பானில் பல வகைகள் இருப்பினும் இரண்டை மட்டும் இங்கே காண்போம். முதலாவது, குழந்தைப் பருவத்திலேயே தோன்றுவது. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் மிகுதியாகக் காணப்படும். இத்தகைய குழந்தைகளின் குடும்பத்தில் ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ உடையவர் பெரும்பாலும் இருப்பர். இச்சார்புக்குக் கோகா, குக் என்னும் இருவர் 1923ஆம் ஆண்டு "அடோப்பி" எனப் பெயரிட்டனர். இடம் மாறியது, வழக்கத்துக்கு மாறானது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதனையொட்டி 1933ஆம் ஆண்டு இத்தோல் நோய்க்கு "அடோப்பிக் டெர்மடைட்டிஸ்" என்ற பெயர் ஏற்பட்டது. இரண்டாவது, ஏதேனும் ஒரு பொருள் தோலில் திரும்பத் திரும்பப் படுவதால் வரும் தொடுகைக் கரப்பான். கொத்தனார்களுக்கு வருவது இதுவே.

தோல் என்னும் சுவர்

நம் மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மெல்ல மேலேறுகிறது. போகப் போகக் கெரட்டின் என்னும் புரதத்தால் நிரம்பி, உட்கருவை இழந்து, தட்டையான செதிலாகி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்ந்து விடுகிறது. செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும் இந்த வெளிப்படலத்தைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவது அறிவியலார் வழக்கம். செதில்கள் செங்கற்கள்; அவற்றின் இடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை கலவை. செங்கல்லோடு செங்கல்லைப் பிணைக்கும் புரதக் கொக்கிகளும் உண்டு. கொத்தனார் மகனாகிய எனக்கு இவ்வுவமை உடனே விளங்கிற்று.

பழைய செதில் உதிர வேண்டுமானால் கொக்கிகள் அறுபட வேண்டும். இவ்வேலையைச் செய்பவை கல்லிக்ரீன்கள் என்னும் புரதச் சிதைவு நொதிகள். இவற்றுள் ஐந்தாம் எண்ணும் ஏழாம் எண்ணும் உடையவை முக்கியமானவை. இவற்றுக்குக் காவல் வேலையும் உண்டு. கத்தெலிசிடின் என்னும் முன்னோடிப் புரதத்தை வெட்டி, பாக்டீரியாக்களைக் கொல்லும் சிறு புரதத்தை விடுவிப்பதும் கல்லிக்ரீனே. எனவேதான் இவற்றைத் தற்காப்பு மண்டலத்தின் நொதிகள் எனக் கூறுகிறோம்.

வெட்டும் கருவி எதற்கும் ஓர் உறை வேண்டும். கல்லிக்ரீன்களைப் பற்றிப் பிடித்து அடக்கி வைக்க "லெக்டி" என்னும் தடுப்பான் புரதம் நம் தோலில் உள்ளது. இத்தடுப்பான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நெதர்ட்டன் நோய் என்னும் அரிய பிறவி நோய் காட்டுகிறது. அந்நோயுடைய குழந்தைகளுக்கு உடல் முழுவதும் தோல் சிவந்து உரிகிறது. ஒவ்வாமைகள் பலவும் சேர்ந்து வருகின்றன. லெக்டிக்குரிய மரபணுவில் ஏற்படும் பழுதே இதற்குக் காரணம் என்பது 2000ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. நொதி அளவோடு வெட்டினால் உதிர்வு. தடையின்றி வெட்டினால் நோய்.

தடுப்பானைத் தவிர மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. அதுவே அமிலத்தன்மை. உடலுக்குள் ஓடும் இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.4 ஆக இருக்க, ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பில் அது 5ஐ ஒட்டியே இருக்கிறது. இம்மெல்லிய அமிலத்தன்மையில் கல்லிக்ரீன்கள் மெதுவாக இயங்குகின்றன. பி.எச். உயர உயர அவற்றின் வேகம் கூடுகிறது. அதே வேளையில், சுவரின் கலவையாகிய செராமைடைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழல் இன்றிச் சரிவர இயங்க மாட்டா. ஆகவே தோல் காரமாக மாறினால் இரட்டை இழப்பு நேர்கிறது: கொக்கிகள் விரைந்து அறுகின்றன, கலவையும் குறைகிறது. சாதாரணக் குளியல் சோப்பு, துணி சோப்பு ஆகியவற்றின் பி.எச். 9 முதல் 10 வரை என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த அமிலத்தன்மையில் ஒரு பகுதி ஃபிலாக்ரின் என்னும் புரதத்திலிருந்து கிடைக்கிறது. நொதிகள் ஃபிலாக்ரினைச் சிறு சிறு துண்டுகளாக்கும்போது, நீரைப் பிடித்து வைக்கும் பொருள்களும் மென்மையான அமிலங்களும் உண்டாகின்றன. ஃபிலாக்ரின் மரபணுவில் பழுதுள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு மிகுதி என்பதை 2006ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் தலைமையிலான குழுவினர் நிறுவினர். அதுவரை எதிர்ப்பு மண்டலத்தின் நோய் என்று மட்டுமே எண்ணப்பட்ட கரப்பான், சுவரின் நோயும் ஆகும் என்பது இக்கண்டுபிடிப்பால் உறுதியாயிற்று.

காவலர்களும் அவர்களின் கருவிகளும்

சுவர் விரிசல் கண்டால் காவலர் விழித்தெழுவர். அவ்வாறே, கட்டு மீறிய கல்லிக்ரீன் தோல் செல்களின் மேலுள்ள "பார்-2" என்னும் உணர்வாங்கியின் நுனியை வெட்டுகிறது. பொதுவாக உணர்வாங்கிகள் பூட்டும் சாவியும் போல ஒரு பொருள் வந்து பொருந்துவதால் விழிப்பவை. இதுவோ வெட்டுப்பட்டால் விழிப்பது. விழித்த செல், அபாய அறிவிப்பாகச் சில புரதங்களை வெளியிடுகிறது. இவ்வறிவிப்பைக் கேட்டு டி லிம்போசைட்டுகள் முதலிய எதிர்ப்பு மண்டலச் செல்கள் அங்கே திரள்கின்றன.

இவற்றுள் மாஸ்ட் செல் குறிப்பிடத்தக்கது. அதனை முதன்முதலில் விவரித்தவர் பால் எர்லிச். அப்போது அவர் மருத்துவ மாணவர்; 1878ஆம் ஆண்டு தம் பட்ட ஆய்வேட்டில் அதனை எழுதினார் என்பது மாணவர்களாகிய நமக்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும். மாஸ்ட் செல்லின் உள்ளே துகள் துகளாக மருந்துப் பைகள் உள்ளன. இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருள் வழியாகத் தூண்டப்படும்போது அவை வெடித்துத் தம் உள்ளடக்கத்தைக் கொட்டுகின்றன. அவற்றில் ஒன்று ஹிஸ்டமின். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதியின் செயலால் இது உண்டாகிறது. மற்றொன்று டிரிப்டேஸ். இதுவும் புரதத்தை வெட்டும் நொதியே. நரம்பு நுனியிலுள்ள பார்-2 உணர்வாங்கியை இது வெட்டும்போது நமக்கு அரிப்பு தோன்றுகிறது. ஹிஸ்டமினை மட்டும் தடுக்கும் மாத்திரையை விழுங்கியும் கரப்பான்காரருக்கு அரிப்பு முழுவதும் அடங்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரித்தால் சொறிகிறோம். சொறிந்தால் சுவர் மேலும் இடிகிறது. அபாய அறிவிப்பு மேலும் உரக்க ஒலிக்கிறது. திரண்டு வந்த டி லிம்போசைட்டுகள் வெளியிடும் சில புரதத் தூதுகள் ஃபிலாக்ரின் உற்பத்தியையே குறைத்து விடுகின்றன. இன்னும் சில தூதுகள் தோல் செல்களுக்குள் உறங்கும் கேஸ்பேஸ் என்னும் நொதிகளை எழுப்பி, அச்செல்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளச் செய்கின்றன. செல்களிடையே நீர் கோத்துக் கொப்புளம் எழுவது இதனால்தான்.

இந்நிலையில் வெளியாரும் உள்ளே நுழைகின்றனர். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா கரப்பான் தோலில் எளிதாகக் குடியேறுகிறது. அதுவும் புரதத்தை வெட்டும் நொதிகளைச் சுரக்கிறது. அவற்றுள் வி8 என்னும் நொதி நரம்புகளை நேரடியாகத் தூண்டி அரிப்பை உண்டாக்குகிறது என்பதை 2023ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினர். வீட்டுத் தூசியில் வாழும் உண்ணியின் கழிவிலும் இத்தகைய நொதி ஒன்று உள்ளது. இவ்வாறு, காவலரின் கருவியும் கள்வரின் கருவியும் சேர்ந்து ஒரே சுவரை இடிக்கின்றன.

சிமெண்டும் குரோமியமும்: நம் வட்டாரத்துச் செய்தி

தாம்பரத்திலிருந்து ரயிலேறிக் கடற்கரை நோக்கிச் செல்லும் நம் மாணவர் பலருக்கும் குரோம்பேட்டை நிலையம் பழக்கமானது. அவ்வூர் அப்பெயர் பெற்றது அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால். குரோமிய உப்புகளைக் கொண்டு தோலைப் பதனிட்ட தொழிற்சாலை அது. பல்லாவரம், நாகல்கேணி வட்டாரத்தில் இத்தொழில் பின்னர் நன்கு பரவிற்று. விலங்கின் தோலைப் பதமாக்கும் குரோமியத்துக்கும் மனிதத் தோலைப் புண்ணாக்கும் குரோமியத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பதனிடுவதற்குப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அது தோலின் மேற்பரப்பிலேயே புரதங்களோடு பிணைந்து நின்று விடும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியமோ எளிதில் உள்ளே ஊடுருவும். சிமெண்டில் சிறிதளவு இருப்பது இந்த ஆறு இணைதிறன் குரோமியமே. மூலப்பொருள்களில் உள்ள குரோமியம் சூளையின் கடும் வெப்பத்தில் ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் அது உண்டாகிறது.

ஈரச் சிமெண்டின் பி.எச். 12க்கும் மேல். முன்னர்க் கூறிய காரத்தின் தீங்கு இங்கே பன்மடங்காகிறது. சுவர் கரைந்த இடத்தில் குரோமியம் உள்ளே இறங்குகிறது. செல்லுக்குள் அது மூன்று இணைதிறன் நிலைக்கு ஒடுக்கப்பட்டு, நம் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் உருமாறிய நம் புரதமே எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு அந்நியனாகத் தெரிகிறது. மேலும் இந்தக் குரோமியம் கேஸ்பேஸ்-1 என்னும் நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்நொதி இன்டர்லூக்கின்-1 என்னும் தூதின் உறையை வெட்டி அதனை விடுவிக்க, அழற்சி தொடங்குகிறது. ஒருமுறை எதிரியென்று பதிவாகி விட்டால் லிம்போசைட்டுகள் அதனைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. அதன்பின் சிறிதளவு சிமெண்டு பட்டாலும் இரண்டொரு நாளில் கை வெடித்து விடும். இருபது ஆண்டு செய்த வேலை திடீரென்று ஒத்துக்கொள்ளாமற் போவதன் மருமம் இதுவே. "இத்தனை நாள் வராதது இப்ப ஏன் வருது?" என்று என் தந்தையார் பலமுறை கேட்டதுண்டு. அக்கேள்விக்கு என்னால் அப்போது விடை கூற முடியவில்லை.

இதனைக் கண்டறிய ஒட்டுச் சோதனை என்ற முறை உள்ளது. யோசஃப் யாடசான் என்னும் தோல் மருத்துவர் 1895ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முறை இது. சந்தேகத்துக்குரிய பொருள்களை வாசலினில் சிறிதளவு கலந்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பர். குரோமியத்துக்கென வைக்கப்படுவது பொட்டாசியம் டைகுரோமேட். அரசு மருத்துவமனை ஒன்றில் என் தந்தையாருக்கு இச்சோதனை செய்தார்கள். டைகுரோமேட் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அதே வாரத்தில்தான் துணைப்பாடமாகிய வேதியியல் செய்முறை வகுப்பில் பியூரெட்டில் ஆரஞ்சு நிற டைகுரோமேட்டை ஊற்றி, இரும்பு உப்பின் அளவைக் கண்டுபிடிக்கும் தரம் பார்த்தல் எனக்கு வாய்த்தது. குடுவையில் ஆரஞ்சு நிறம் மறைந்து பச்சை தோன்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். ஆறு இணைதிறன் குரோமியம் என் கண்முன்னே மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிக்கொண்டிருந்தது. மாற்றியது பெரஸ் உப்பு.

நாம் மதிப்பெண்ணுக்காகச் செய்யும் இவ்வினையையே சில நாடுகள் தொழிலாளரின் கையைக் காக்கப் பயன்படுத்தியுள்ளன. டென்மார்க் நாட்டில் 1981ஆம் ஆண்டு முதல் சிமெண்டில் பெரஸ் சல்பேட்டைச் சிறிதளவு சேர்க்கலாயினர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி எனக் கிடைப்பதும் இச்சேர்மமே. அது ஆறு இணைதிறன் குரோமியத்தை ஒடுக்கி விடுகிறது. அதன்பின் அந்நாட்டுக் கட்டடத் தொழிலாளரிடையே குரோமிய ஒவ்வாமை பெரிதும் குறைந்தது. 2005ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் அனைத்திலும், பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் கரையும் ஆறு இணைதிறன் குரோமியம் உடைய சிமெண்டைக் கையால் கலக்கும் வேலைகளுக்கு விற்கலாகாது எனச் சட்டமே உள்ளது. நம் நாட்டிலும் தொழில்சார் நோய்களின் சட்டப் பட்டியலில் குரோமியத்தால் வரும் நோய்கள் இடம் பெற்றுள்ளன. ஆயினும் கலவை குழைக்கும் எத்தனை பேர் தம் கைப்புண்ணைத் தொழில் நோய் என்று அறிந்திருக்கின்றனர்? தலைவிதி என்று எண்ணித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகின்றவர்களே மிகுதி.

நொதிகளை அடக்கும் மருந்துகள்

நோய் எங்கே பிறக்கிறது என்று தெரிந்தால் மருந்தும் அங்கே தேடப்படும். கரப்பானுக்கான மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் நொதிகளை அடக்கிய வரலாறே எனலாம்.

முதலில் வந்தவை ஸ்டீராய்டுகள். 1952ஆம் ஆண்டு சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு கரப்பானைத் தணிப்பதை வெளியிட்டனர். ஸ்டீராய்டு செல்லின் உட்கரு வரை சென்று, அழற்சிப் பொருள்களைத் தயாரிக்கும் பல நொதிகளின் உற்பத்தியையும் செயலையும் குறைக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் நல்ல மருந்து. ஆனால் அது தோலின் கொலாஜன் உற்பத்தியையும் குறைக்கும். நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளித்தெரியும். படர்தாமரையின் மேல் பூசினாலோ எதிர்ப்பு அடங்கிப் பூஞ்சை செழித்து வளரும். என் தந்தையார் மருந்துக் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய கலப்புக் களிம்பை இரண்டு ஆண்டுகள் பூசினார். அதில் வீரியமுள்ள ஸ்டீராய்டு இருந்ததை, குழாயின் மேலிருந்த எழுத்துகளை நான் படித்துப் பார்த்த பிறகே அறிந்தோம். புறங்கைத் தோல் வெங்காயச் சருகு போல் ஆகியிருந்தது. இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2018ஆம் ஆண்டு மத்திய அரசு விதியைத் திருத்தியது. விதி தாளில் இருந்தால் போதாது. வாங்குவோரும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்துச் செய்தி கடத்தும் நொதிகளைக் காண்போம். செல்லின் வாயிலுக்கு வந்த தூது உட்கருவை அடைய வேண்டுமானால் இடையே சில புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். ஏற்றுவது கைனேஸ், இறக்குவது பாஸ்படேஸ். இம்முறையைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் ஆகியோர் 1992ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

கால்சிநியூரின் என்பது டி லிம்போசைட்டை எழுப்பும் ஒரு பாஸ்படேஸ். அதனை அடக்கும் டாக்ரோலிமஸ் என்னும் மருந்து, ஜப்பானில் சுக்குபா என்னுமிடத்து மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. முதலில் உறுப்பு மாற்று அறுவைக்கு உதவிய இம்மருந்து, 1999ஆம் ஆண்டு ஜப்பானில் கரப்பான் களிம்பாக ஒப்புதல் பெற்றது. இது தோலை மெலியச் செய்வதில்லை. பாஸ்போடைஎஸ்டரேஸ்-4 என்பது, செல்லின் உள்ளே அமைதிச் செய்தியைப் பரப்பும் சுழல் ஏ.எம்.பி.யை உடைக்கும் நொதி. அதனைத் தடுக்கும் கிரிசபோரோல் களிம்பு 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அண்மையில் பெரிதும் பேசப்படுபவை ஜேனஸ் கைனேஸ்கள். முன்னும் பின்னும் முகமுடைய ரோமானியத் தெய்வத்தின் பெயரைக் கொண்டவை இவை. கரப்பானைத் தூண்டும் இன்டர்லூக்கின்-4, 13, 31 ஆகிய தூதுகள் மூன்றும் இந்நொதிகளின் வழியாகவே உள்ளே செல்கின்றன. ஆகவே ஒரு வாயிலை அடைத்தால் மூன்று தூதுகளும் நின்று விடும். இவ்வகை மாத்திரைகளில் பாரிசிடினிப் 2020ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கரப்பானுக்கு ஒப்புதல் பெற்றது. சில நாளிலேயே அரிப்பு அடங்குவது இவற்றின் சிறப்பு.

ஆனால் அவ்வாயில் வழியே வேறு நல்ல தூதுகளும் சென்று வருகின்றன. காசநோய்க் கிருமியை நுரையீரலில் சிறைப்படுத்தி வைக்க உதவும் இன்டர்ஃபெரான் காமாவும் அதே கைனேஸ்களை நம்பியிருக்கிறது. நம் தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென ஒரு சானடோரியத்தை நிறுவினார். ரயில் நிலையத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. காசநோய் இன்னும் ஒழியாத நாட்டில், உடலில் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று சோதித்த பின்னரே இம்மாத்திரையைக் கொடுக்க வேண்டும். வேறு தொற்றுகள், இரத்த உறைவு ஆகியவை பற்றிய எச்சரிக்கைகளும் உண்டு. வேலி பயிரை மேய்கிறது என்பதற்காக வேலியைப் பிடுங்கி எறிந்தால் ஆடுமாடுகள் உள்ளே நுழைந்துவிடும் அல்லவா?

நாம் செய்யத் தக்கவை

மேற்கண்ட அறிவியலிலிருந்து அன்றாட வாழ்க்கைக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன.

1. கரப்பான் தொற்றாது. விடுதியிலும் வகுப்பிலும் பந்தியிலும் கரப்பான் உடையவரை ஒதுக்குவது அறிவுக்கும் அன்புக்கும் ஒவ்வாத செயல்.

2. கார சோப்பால் அழுந்தத் தேய்த்துக் கழுவுவது சுத்தம் எனக் கருதப்படுகிறது. கரப்பான் தோலுக்கு அது கேடு. மென்மையான, காரம் குறைந்த சோப்பையே பயன்படுத்த வேண்டும். குளித்துத் துவட்டிய ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவுவது சுவரின் கலவைக்கு ஓரளவு ஈடு செய்யும். சுத்தத் தேங்காயெண்ணெய் இந்நோயில் பயன் தருவதைப் பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

3. சிமெண்டு வேலை செய்வோர் உள்ளே பருத்தித் துணியும் வெளியே நீர்புகாத உறையும் அணிய வேண்டும். கையில் பட்ட கலவையைக் காயவிடாமல் உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

4. நோய் இன்னதென்று தெரியாமல் களிம்பு வாங்கிப் பூசலாகாது. அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி, தேவையானால் ஒட்டுச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

5. கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு, முட்டை, மீன் என எல்லாவற்றையும் விலக்கிக் குழந்தைகளை மெலியச் செய்யலாகாது. ஒரு குறிப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பது உறுதியானால் அதனை மட்டும் விலக்கினால் போதும்.

முடிவுரை

கல்லிக்ரீனும் டிரிப்டேஸும் கேஸ்பேஸும் நம் பகைவர் அல்லர். அவை இல்லாவிட்டால் பழைய தோல் உதிராது, கிருமிகள் மாளா. தடுப்பானும் அமிலத்தன்மையும் சரியான அளவில் இருக்கும்வரை அவை நல்ல காவலர்கள். அளவு குலைவதே நோய். அவ்வளவைக் குலைப்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. நாம் தேய்க்கும் சோப்புக்கும் நாம் குழைக்கும் சிமெண்டுக்கும் பங்கு உண்டு. மரபணுவை மாற்ற நம்மால் இயலாது. மற்ற இரண்டையும் மாற்றலாம்.

என் தந்தையார் இன்றும் கொத்து வேலைக்குத்தான் போகிறார். வேறு தொழில் அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் வேறு வருமானம் இல்லை. ஆனால் இப்போது கையுறை அணிந்து போகிறார். முதல் சில நாள் கூட வேலை செய்பவர்கள் "என்ன, டாக்டராயிட்டீங்களா?" என்று கேலி செய்தார்களாம். அவர் பையிலிருந்து இன்னொரு சோடியை எடுத்துக் கலவை போடும் பெண்மணியிடம் கொடுத்திருக்கிறார். வெடிப்புகள் முழுவதும் ஆறவில்லை, குறைந்திருக்கின்றன. சென்ற மாதம் நியாயவிலைக் கடையில் அவர் வலக்கை ஆட்காட்டி விரலைக் கருவி மூன்றாம் முறையில் ஏற்றுக்கொண்டது. அதை அவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது, நொதிகளைப் பற்றிய அந்தப் பாடத்தை நடத்திய எங்கள் பேராசிரியரை நான் நன்றியுடன் நினைத்துக்கொண்டேன்.